ஜப்பானின் ஷிகோக்கு நாயை வெளிநாட்டுக்குக் கொண்டுவந்து இனம் பெருக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷிகோக்கு நாயை ஜப்பானிலிருந்து வட அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ கொண்டுசென்று வளர்க்கவும், அதன் வழியில் குட்டிகள் எடுக்கவும் எண்ணுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. அரசு விதிகள் மாறக்கூடியவை ஆதலால், பயணத்துக்கு முன் உங்கள் நாட்டின் கால்நடைத் துறையிடம் நடப்பு விதியை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

ஷிகோக்கு எப்படிப்பட்ட நாய்?

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளில் சிறியதான ஷிகோக்குவில், குறிப்பாகக் கோச்சி மாவட்டத்தின் மலைப்பகுதிகளில், காட்டுப்பன்றி வேட்டைக்காகத் தலைமுறைகளாக வளர்க்கப்பட்ட நடுத்தர உருவமுள்ள நாய் இது. ஆண் நாயின் தோள் உயரம் 49 முதல் 55 சென்டிமீட்டர் வரை இருக்கும்; பெண் நாய் சற்றுக் குள்ளம். விறைத்த முக்கோணக் காதுகள், முதுகின்மேல் சுருண்டோ அரிவாள்போல் வளைந்தோ நிற்கும் வால், அடர்ந்த இரட்டை மயிர்ப்போர்வை, கறுப்பும் சிவப்பும் வெளிர்நிறமும் ஒவ்வொரு மயிரிலும் கலந்ததுபோன்ற எள் நிறம் ஆகியவை இதன் அடையாளங்கள். ஹோங்காவா, ஹாதா, ஆவா என்று மலைப்பகுதிகளின் பெயரால் மூன்று வழிகள், அதாவது இனத்துக்குள்ளான பரம்பரைக் கிளைகள், அக்காலத்தில் தனித்தனியே பேசப்பட்டன.

1928இல் சைதோ ஹிரோகிச்சி நிறுவிய நிஹோன் கென் ஹோஸோன்காய் என்ற ஜப்பானிய நாய்ப் பாதுகாப்புச் சங்கம், சுருக்கமாக நிப்போ, அந்நிய இனங்களோடு கலந்து மறைந்துகொண்டிருந்த உள்நாட்டு நாய்களைத் தேடிப் பதிவு செய்யத் தொடங்கியது. இறந்த எஜமானருக்காக ரயில் நிலையத்தில் காத்திருந்த ஹச்சிக்கோ என்ற அகிதா நாயின் கதையை நாளிதழ் வழியாக உலகறியச் செய்தவரும் இதே சைதோதான். 1931 முதல் 1937 வரை ஏழு இனங்கள் தேசிய இயற்கை நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அவற்றில் கோஷி நாய் பின்னர் அழிந்தேபோயிற்று. அகிதா, காய், கிஷூ, ஷிபா, ஷிகோக்கு, ஹொக்கைதோ ஆகிய ஆறும் எஞ்சின. 1937இல் தோசா நாய் என்ற பெயரில் அறிவிக்கப்பட்ட நம் நாய், சண்டைக்கென்று உருவாக்கப்பட்ட பேருருவத் தோசாவோடு குழப்பிக்கொள்ளப்பட்டதால் ஷிகோக்கு என்று பெயர் மாற்றம் பெற்றது.

இயற்கை நினைவுச்சின்னம் என்றால் ஏற்றுமதிக்குத் தடை உண்டா?

இல்லை. அந்த அறிவிப்பு இனத்தைப் பொறுத்தது. தனி நாயை வாங்கவோ வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்லவோ அது தடையாக நிற்பதில்லை. ஜப்பானிய விலங்குத் தனிமைப்படுத்தல் சேவையின் பரிசோதனையும் ஏற்றுமதிச் சான்றிதழும் மட்டும் கட்டாயம் தேவை.

வெளிநாட்டில் இதைப் பெருக்க வேண்டிய தேவை என்ன?

ஜப்பானில் ஷிகோக்கு வளர்ப்போர் பலர் முதியவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். வேட்டையும் குறைந்துவருகிறது. ஒரு முதியவர் வளர்ப்பை நிறுத்தும்போது, அவர் வீட்டில் மட்டும் காக்கப்பட்டுவந்த வழி முழுவதும் அவரோடு முடிந்துபோகக்கூடும். அத்தகைய வழியிலிருந்து ஒரு நாய் வெளிநாட்டில் நல்ல கையில் இருந்தால், இனத்தின் மரபணுக் கையிருப்பில் ஒரு பகுதி காப்பாற்றப்படுகிறது. வெளிநாட்டுப் பெருக்கத்துக்கு என் பார்வையில் இது ஒன்றே போதுமான நியாயம். அரிய நாய் வைத்திருக்கும் பெருமைக்காக ஒரு நாயைப் பத்தாயிரம் கிலோமீட்டர் பறக்கவைப்பதை நியாயப்படுத்த முடியாது.

ஆனால் தாய்நாட்டோடு தொடர்பு அறுந்தால் என்ன நேரும் என்பதற்கு அகிதாவின் வரலாறு சான்று. 1937இல் ஜப்பானுக்குச் சென்ற ஹெலன் கெல்லருக்கு ஓர் அகிதாக் குட்டி பரிசளிக்கப்பட்டது. போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்களும் பல அகிதாக்களைக் கொண்டுசென்றார்கள். நாய்களைப் பதிவு செய்யும் சங்கமான அமெரிக்கன் கென்னல் கிளப் 1974இல் அகிதாவின் இனப்பதிவேட்டை ஜப்பானிய இறக்குமதிகளுக்கு மூடியது; அது 1992 வரை திறக்கப்படவில்லை. அந்த இடைவெளியில் அமெரிக்காவில் கனத்த எலும்பும் பெரிய தலையும் கொண்ட நாய்கள் உருவாக, ஜப்பானில் வளர்ப்போர் பழைய மெலிந்த வடிவத்தை நோக்கித் திரும்பிச்சென்றார்கள். இன்று சர்வதேச நாயினக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. அகிதாவையும் அமெரிக்க அகிதாவையும் இரண்டு தனி இனங்களாகவே கணக்கிடுகிறது. அகிதாவுக்கு அப்படிப் பிரிந்து வாழும் அளவுக்கு எண்ணிக்கை இருந்தது. ஷிகோக்குவுக்கு அது இல்லை.

யாரிடம் வாங்குவது?

நல்ல ஷிகோக்கு பெரும்பாலும் விளம்பரத்தில் வருவதில்லை. நிப்போவின் கிளைகள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடத்தும் கண்காட்சிகளுக்கும், ஆண்டுக்கொருமுறை நடக்கும் தேசியக் கண்காட்சிக்கும் நேரில் சென்று, நாய்களைப் பார்த்து, வளர்ப்பவர்களோடு பழகுவதே சிறந்த வழி. ஜப்பானிய மொழி தெரிந்த, நாய்களைப் பற்றியும் அறிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச்செல்லுங்கள். முதல் சந்திப்பிலேயே விலை கேட்பவருக்குக் குட்டி கிடைக்காமல் போவது இயல்பு. தாங்கள் வளர்த்த நாய் எந்த வீட்டுக்குப் போகிறது, எப்படி நடத்தப்படும், குட்டிகளைப் பற்றிப் பிறகு செய்தி வருமா என்பதையே அவர்கள் முதலில் அறிய விரும்புகிறார்கள். குட்டி வந்து சேர்ந்த பிறகும் படங்களும் உடல்நல முடிவுகளும் அவர்களுக்குத் தொடர்ந்து அனுப்புங்கள். அடுத்த நாய் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இதைப் பொறுத்ததே.

இடைத்தரகர் வழியாக வாங்குவதானால் தாய் தந்தை இரண்டின் படங்கள், வம்சாவளிச் சான்றிதழின் நகல், குட்டி பிறந்த இடம் ஆகியவற்றைப் பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். தயங்கினால் விலகிவிடுங்கள்.

நிப்போ சான்றிதழ் போதுமா, ஜப்பான் கென்னல் கிளப் சான்றிதழும் வேண்டுமா?

இது பலர் தாமதமாக உணரும் சிக்கல். ஷிகோக்கு வளர்ப்பின் மையம் நிப்போதான். ஆனால் நிப்போ எஃப்.சி.ஐ. அமைப்பின் உறுப்பினர் அன்று. எஃப்.சி.ஐ. உறுப்புரிமை ஜப்பான் கென்னல் கிளப்பிடம் இருக்கிறது. ஆகவே ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் உங்கள் நாயின் குட்டிகள் பதிவாக வேண்டுமானால், ஜப்பான் கென்னல் கிளப் தரும் ஏற்றுமதி வம்சாவளிச் சான்றிதழை அந்நாட்டுச் சங்கம் கேட்கக்கூடும். அமெரிக்கன் கென்னல் கிளப் ஷிகோக்குவை முழு அங்கீகாரத்துக்கு முந்தைய நிலையான அடித்தள இருப்புப் பதிவில் வைத்திருக்கிறது. குட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே உங்கள் சங்கத்துக்கு எழுதி, எந்தச் சான்றிதழை ஏற்பார்கள், உரிமை மாற்றம் யார் பெயரில் இருக்க வேண்டும், செயற்கை முறைக் கருவூட்டலில் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வார்களா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

எந்த வயதில் குட்டியைக் கொண்டுவரலாம்?

ஜப்பானியச் சட்டம், குட்டி சென்றுசேரும் நாட்டின் சட்டம், குட்டியின் மனவளர்ச்சி ஆகிய மூன்றும் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன.

ஜப்பானில் 2021 ஜூன் முதல் 56 நாள் நிரம்பாத குட்டிகளை விற்கத் தடை உண்டு. ஆனால் நினைவுச்சின்ன இனங்கள் ஆறுக்கும், வளர்ப்பவர் நேரடியாக வாங்குபவருக்கே விற்கும்போது, 49 நாள் என்ற விலக்கு இருக்கிறது. 2022 ஜூன் முதல் வளர்ப்போர் விற்கும் குட்டிகளுக்கு மைக்ரோசிப் கட்டாயம். சிப்பின் 15 இலக்க எண் ஜப்பானுக்குரிய 392 என்று தொடங்கும். அந்த எண் எல்லாத் தாள்களிலும் பிழையின்றி இருக்கிறதா என்று ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள். 1957க்குப் பின் ஜப்பானில் விலங்குகளிடையே வெறிநோய் கண்டதில்லை. எனினும் 91 நாள் நிரம்பிய நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது அங்கே சட்டக் கடமை என்பதால், அதற்கு முன் போடும் வழக்கம் அரிது.

ஐரோப்பிய ஒன்றியம் குறைந்தது 12 வாரத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் அதன்பின் 21 நாள் காத்திருப்பும் கேட்கிறது. ஆகவே குட்டி புறப்படக் குறைந்தது 15 வாரம் ஆகும். ஜப்பானிய வழக்கப்படி 91 நாளில் ஊசி போட்டால் 16 வாரம். ஜப்பான் ஒன்றியத்தின் ஏற்புப் பட்டியலில் இருப்பதால், இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை அளந்து மூன்று மாதம் காத்திருக்கும் தொல்லை இல்லை. பின்லாந்து, அயர்லாந்து, நார்வே, பிரிட்டன் போன்ற நாடுகளுக்கு நாடாப்புழு மருந்தும், நுழைவுக்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள், கால்நடை மருத்துவர் கையால் கொடுக்கப்பட வேண்டும். அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் எந்த நாட்டிலிருந்து வரும் நாய்க்கும் ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும், மைக்ரோசிப் இருக்க வேண்டும், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இறக்குமதிப் படிவம் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். வெறிநோய் இல்லாத நாடான ஜப்பானுக்கும் இந்த வயது வரம்பில் விலக்கு இல்லை. மறுவிற்பனைக்காக என்றால் வேளாண் துறையின் தனி அனுமதியும் தேவை.

ஆறு மாதம் காத்திருந்தால் குட்டியின் பழக்கம் கெடாதா?

கெடக்கூடும், இதைக் கவனமாகத் திட்டமிட வேண்டும். மூன்றாம் வாரம் முதல் சுமார் பதினான்காம் வாரம் வரையிலான காலத்தில் நாய்க்குட்டி எதைக் கண்டு பழகுகிறதோ அதை வாழ்நாள் முழுதும் இயல்பாக ஏற்கும். அப்போது காணாததைக் கண்டு பின்னர் அஞ்சும். ஷிகோக்கு இயல்பிலேயே ஒலிக்கும் அசைவுக்கும் கூர்மையாக எதிர்வினை காட்டும் நாய், அந்நியரிடம் ஒதுங்கும் நாய். மலையடிவாரக் கூண்டில் நான்கு மாதம் தனியே இருந்த குட்டி, பிறகு ஒரு நகரத்தின் போக்குவரத்துக்கு நடுவே இறக்கிவிடப்பட்டால், அதன் அச்சத்தைத் தணிக்க ஆண்டுகள் ஆகும். சில வேளைகளில் முழுவதும் தணிவதே இல்லை.

ஆகவே அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்வோர், எட்டாம் வாரம் முதல் பயண நாள் வரை குட்டியைத் தம் வீட்டுக்குள் வைத்து வளர்க்கும் ஒரு குடும்பத்தையோ பயிற்சியாளரையோ ஜப்பானிலேயே ஏற்பாடு செய்து, அதற்குரிய செலவை விலையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். குழந்தைகள், மிதிவண்டி, ரயில் ஓசை, மருத்துவரின் மேசை, பயணக்கூண்டு ஆகியவற்றோடு அது அன்றாடம் பழக வேண்டும். இந்தச் செலவை ஏற்க முடியாதவர்கள், ஏற்கனவே உங்கள் கண்டத்தில் பொறுப்போடு குட்டி எடுக்கும் ஒருவரிடம் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுப்பது நல்லது.

புறப்படும் முன் எந்த மருத்துவப் பரிசோதனைகள் அவசியம்?

எல்லையில் கேட்பதை மட்டும் செய்தால் போதாது. ஷிகோக்கு தீவு மேற்கு ஜப்பானின் வெதுவெதுப்பான பகுதியில் இருக்கிறது. அங்கே உண்ணி வழியாகப் பரவும் பபீசியா கிப்சோனி என்ற இரத்த ஒட்டுண்ணி நிலைகொண்டுள்ளது. வேட்டைக்குப் போன நாய்களிடம் வெளியே தெரியாமலே அது தங்கியிருக்கலாம் என்பதால் பி.சி.ஆர். சோதனை செய்வது நலம். கொசுவழி பரவும் இதயப்புழுவும் அங்கே பொதுவானது. இணைசேர்க்கும் எண்ணத்தோடு வாங்கும் வளர்ந்த நாய்க்கு புருசெல்லா கேனிஸ் சோதனை தவிர்க்கவே முடியாதது: கருச்சிதைவையும் மலட்டுத்தன்மையையும் உண்டாக்கும் இந்நோய் ஒரு வளர்ப்பகத்துக்குள் நுழைந்துவிட்டால் வெளியேற்றுவது மிகக் கடினம், மனிதர்க்கும் தொற்றும். வந்த பிறகும் சில வாரங்கள் மற்ற நாய்களிடமிருந்து பிரித்துவைத்து, சோதனையை மறுபடி செய்யுங்கள்.

உங்கள் கால்நடை மருத்துவரிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள். அகிதா, ஷிபா போன்ற கிழக்காசிய நாய்கள் சிலவற்றின் சிவப்பணுக்களில் இயல்பாகவே பொட்டாசியம் மிகுந்திருக்கும். இரத்த மாதிரி ஆய்வகத்தில் சிதைந்தால், நாய்க்கு உயிராபத்து இருப்பதாகக் காட்டும் பொய்யான அளவு வரும். அந்த வகை நாய்களை வெங்காயமும் பூண்டும் மற்ற நாய்களைவிட எளிதில் பாதிக்கும்.

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருந்தால் இனத்தைப் பெருக்கலாமா?

குட்டிகள் பிறக்கும், இனம் வலுப்படாது. முதல் ஈற்றின் குட்டிகள் அனைத்தும் உடன்பிறப்புகள், அவற்றுக்குள் இணைசேர்த்தால் பிறப்பவற்றின் உள்ளின அளவு, அதாவது நெருங்கிய உறவுக்குள் இணைசேர்ந்ததன் அளவு, 25 விழுக்காடு. பாதி உடன்பிறப்புகளுக்குள் 12.5, முதல்நிலை ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளுக்குள் 6.25. இவை மூதாதையர் அனைவரும் ஒருவருக்கொருவர் தொடர்பற்றவர்கள் என்று கொண்ட கணக்கு. போருக்குப் பின் மிகச் சில நாய்களிலிருந்து மீட்டெடுக்கப்பட்ட இனத்தில் அப்படி இருக்க வாய்ப்பில்லை. மூன்று தலைமுறை மட்டும் காட்டும் தாளை வைத்துக் கணக்கிட்டால் எண் அழகாகவே தெரியும். எட்டுப் பத்துத் தலைமுறை வரை பின்னோக்கிச் சென்றால்தான் ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வருவது கண்ணில் படும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, பரிசுபெற்ற ஓர் ஆண் நாயையே எல்லோரும் நாடுவது. ஆண்களின் எண்ணிக்கையையும் பெண்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது பயனுறு இனத்தொகை, அதாவது மரபுவேறுபாட்டைக் காப்பதில் அந்தக் கூட்டம் உண்மையில் எத்தனை நாய்களுக்குச் சமம் என்ற எண். இரண்டு ஆண்களும் இருபது பெண்களும் இனப்பெருக்கத்தில் இருந்தால் 22 நாய்கள் இருந்தும் இந்த எண் 7.3 மட்டுமே, தலைமுறைக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு மரபுவேறுபாடு கரைந்துபோகிறது. பத்து ஆண்களும் பத்துப் பெண்களும் என்றால், நாய்கள் இரண்டு குறைந்தும், எண் 20 ஆகிறது, இழப்பு 2.5 விழுக்காடாகக் குறைகிறது. ஆகவே ஒவ்வொரு பெண் நாய்க்கும் ஈற்றுக்கு ஈற்று வேறுவேறு ஆணைத் தேடுங்கள். ஓர் ஆணுக்கு வாழ்நாளில் இத்தனை ஈற்றுகள்தான் என்று உங்கள் கண்டத்தில் வளர்ப்போர் அனைவரும் சேர்ந்து வரம்பு வையுங்கள். நல்ல இயல்புடைய, பரிசு வாங்காத ஆணுக்கும் இடம் கொடுங்கள்.

தனித்து நின்று இந்த இனத்தைக் காக்க ஒருவராலும் முடியாது. ஒரே மாநிலத்தில் உள்ள இருவர் ஒரே தகப்பனின் குட்டிகளைத் தெரியாமல் இறக்குமதி செய்வது பணத்தையும் வாய்ப்பையும் வீணாக்குவது. வாங்கும் முன் வம்சாவளியை மற்றவர்களோடு பகிர்ந்து, ஏற்கனவே இல்லாத வழி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மரபுநோய்களுக்குச் சோதிக்க வேண்டும்?

இடுப்பு மூட்டுக் குறைபாடு, முழங்கால் சில்லு நழுவுதல், கண்நோய்கள், தைராய்டு சுரப்புக் குறைவு ஆகிய நான்கும் அடிப்படை. நாய்களின் மூட்டு நலத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு 24 மாதம் நிரம்பிய பிறகே இடுப்புக்கு இறுதிச் சான்று தருவதால், இரண்டு வயதுக்கு முன் எந்த நாயையும் இணைசேர்க்காதிருப்பது இயல்பாகவே ஒரு நல்ல வரம்பாகிறது. ஜப்பானில் பழைய தலைமுறை வளர்ப்போரிடம் இடுப்பு எக்ஸ்-ரே எடுக்கும் வழக்கம் அரிது. கேட்பதில் தவறில்லை, இல்லை என்றால் அவர்களைக் குறை சொல்வதும் முறையன்று. அவர்கள் நாயை மலையில் ஓடவிட்டுப் பார்த்தே தேர்ந்தெடுத்தவர்கள்.

வலிப்பு இந்த இனத்தில் பேசப்படும் நோய், அதற்கு நம்பத்தகுந்த மரபணுச் சோதனை கிடையாது. வலிப்பு கண்ட நாயை இணைசேர்க்கக் கூடாது. அதன் உடன்பிறப்புகள், பெற்றோர் பற்றிய செய்தியையும் மறைக்காமல் வெளியிட வேண்டும். மறைக்கும் ஒருவரால் அடுத்த பத்தாண்டுகளில் பாதிக்கப்படுவது அவரை அறியாத குடும்பங்கள். சோதனைகளின் நோக்கம் கழித்துக்கட்டுவது மட்டுமே என்று எண்ணிவிடவும் வேண்டாம்: சிறிய இனத்தில், ஒரே ஒரு பின்னடைவு மரபணுவை (தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே நோயாக வெளிப்படும் மரபணுவை) தாங்கும் நலமான நாயை விலக்குவதைவிட, அதைத் தாங்காத துணையோடு சேர்ப்பதே அறிவுடைமை.

நாயைக் கொண்டுவராமல் விந்தணுவை மட்டும் கொண்டுவரலாமா?

ஆம், அது மேலும் மேலும் பயன்படப்போகும் வழி. திரவ நைட்ரஜனில், மறை 196 பாகை செல்சியஸில், உறையவைத்த விந்தணுவைப் பல ஆண்டுகள் காக்கலாம். முதிய வளர்ப்பாளர் ஒருவரின் நல்ல ஆண் நாய் அவர் வீட்டிலேயே வாழ, அதன் வழி வெளிநாட்டில் தொடரலாம். இதற்கும் தனி இறக்குமதி அனுமதியும் கொடைநாய்க்கு நோய்ச் சோதனைகளும் உண்டு.

நிறத்தையும் அழகையும் வைத்துத் தேர்ந்தெடுக்கலாமா?

கிஷூ நாயைப் பாருங்கள். முன்பு சிவப்பு, எள் நிறம், வரி, திட்டு என்று பல நிறங்களில் இருந்த இனம் அது. 1934க்குப் பின் ஒரே நிறமுடையவை மட்டுமே ஏற்கப்பட்டதால் திட்டுள்ளவை 1945க்குள் மறைந்தன. இன்று பெரும்பான்மை வெள்ளை. நிறத்தோடு சேர்ந்து வேறு எவை போயின என்று இனி அறிய வழியில்லை. நிப்போவின் தர விளக்கம் உறுதி, நற்குணம், ஆரவாரமற்ற எளிமை என்ற மூன்று குணங்களையே தலையாகக் கொள்கிறது. அந்த வரிசையைப் பின்பற்றுங்கள்.

குட்டிகளை எப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்கலாம்?

உயர்ந்த வேலியும், நாள்தோறும் நீண்ட நடைக்கு நேரமும், பூனையோ கோழியோ துரத்தப்படலாம் என்ற புரிதலும் உள்ளவர்களுக்கு. எழுத்து ஒப்பந்தத்தில், எந்த வயதில், எந்தக் காரணத்தால் வைத்திருக்க முடியாமல் போனாலும் நாய் உங்களிடமே திரும்ப வர வேண்டும் என்ற விதி இருக்கட்டும். அதை நிறைவேற்ற உங்கள் வீட்டில் எப்போதும் ஒரு கூண்டுக்கு இடமும் இருக்கட்டும். ஓர் ஈற்றில் வழக்கமாக மூன்று முதல் ஐந்து குட்டிகளே பிறக்கும் என்பதால் இது தாங்கக்கூடிய பொறுப்புதான். எல்லாக் குட்டிகளுக்கும் அவசரமாகக் கருத்தடை செய்யச் சொல்வது மட்டும் இந்த இனத்துக்குப் பொருந்தாது, ஏனெனில் நாளை தேவைப்படும் வழி அந்தக் குட்டிகளில் ஒன்றிடம் இருக்கலாம்.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற வெப்பமான ஊர்களில் வளர்க்கலாமா?

குளிர்மலைக்கேற்ற இரட்டை மயிர்ப்போர்வை உள்ள, நாளெல்லாம் ஓடும் இயல்புள்ள நாயை ஆண்டின் பெரும்பகுதி குளிரூட்டிய அறையில் அடைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. இணைசேர்க்கத் துணையும் அருகில் கிடைக்காது. அரிய வேட்டைநாய் இனத்தைக் காக்கும் ஆர்வம் உங்களுக்கு உண்மையாகவே இருந்தால், நம் வெயிலிலேயே உருவான சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களுக்கு இதே கவனமான வம்சாவளிப் பதிவு தேவைப்படுகிறது.

நான் வாங்கிய நாய் எதிர்பார்த்தபடி வளரவில்லை என்றால்?

இரண்டு வயதில் இடுப்பு சரியில்லை, அல்லது அச்சம் மிகுந்திருக்கிறது என்று தெரிந்தால், எவ்வளவு செலவானாலும், எவ்வளவு அரிய வழியானாலும், அதை இணைசேர்க்காதீர்கள். சோதனை முடிவை உங்கள் பெயரோடு வெளியிடுங்கள். ஜப்பானில் கொடுத்தவருக்கும் பணிவோடு தெரிவியுங்கள், அவருக்கு அது அடுத்த இணையைத் தேர்ந்தெடுக்க உதவும். அந்த நாய் உங்கள் வீட்டு நாயாக, மலையேற்றத்துக்கும் மாலை நடைக்கும் துணையாக, பதினான்கு பதினைந்து ஆண்டுகள் உங்களோடு வாழட்டும்.